குமிழிக்குக் கூலியில் கை வைக்காதீர்கள்!



"ஆண்டு மலருக்கு ஒரு கவிதை கொடுடா" என்றார்கள் நண்பர்கள். எனக்குக் கவிதை வராது. லேத்தும் டிராயிங் போர்டும்தான் கொஞ்சம் வரும். அதனால் ஒரு குமிழியைப் பற்றி எழுதுகிறேன். கடுகைவிடச் சின்னக் குமிழி. ஆனால் அது ஒரு தொழிலாளியின் கூலியை அப்படியே விழுங்கிவிடும். எப்படி என்று கேட்கிறீர்களா? பொறுமையாகப் படியுங்கள், சொல்கிறேன்.

வார்த்தெடுக்கும் கல்

எனக்கு ஊர் வரதராஜன்பேட்டை. சுற்றிலும் முந்திரித் தோப்பு. ஜெயங்கொண்டம் பக்கம் போனால் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் ஆயிரம் வருஷத்துக் கல்லைப் பார்க்கலாம். மேற்கே அரியலூர் போனால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலைகளும். ஆகக் கல் என்றால் பூமியிலிருந்து வெட்டி எடுப்பது என்றுதான் நமக்குத் தெரியும்.

ஆனால் மாவு போலக் கலக்கி, அச்சில் ஊற்றி, வார்த்தெடுக்கிற கல்லும் உண்டு. பெரிய ஓட்டல் வரவேற்பு மேஜை, ஆஸ்பத்திரி மேடை, விமான நிலையத்து வாஷ்பேசின் இவற்றில் இணைப்பே தெரியாமல் வழவழவென்று இருக்குமே, அதுதான். சாலிட் சர்ஃபேஸ் என்பார்கள். அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் டொனால்ட் ஸ்லோகம் என்ற விஞ்ஞானி 1967-இல் இதை உருவாக்கினார். 'கோரியன்' என்ற பெயரில் 1971-இல் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் ரெசின், மூன்றில் இரண்டு பங்கு அலுமினா ட்ரை ஹைட்ரேட் என்ற வெள்ளைத் தூள். அந்தத் தூளின் எடையில் சுமார் 35 சதவீதம் தண்ணீராகப் பிரியக்கூடியது. 200 டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியே வந்து தீயை மட்டுப்படுத்தும். அதனால்தான் இந்தக் கல் சுலபத்தில் தீப்பிடிப்பதில்லை.

இதற்கு ஒரு ஏழைத் தம்பியும் உண்டு. அக்ரிலிக்குக்குப் பதில் பாலியஸ்டர் ரெசின், அலுமினாவுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூள். 'கல்ச்சர்ட் மார்பிள்' என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கிற பளபளப்பான பேசின்களில் பல இந்த ஜாதிதான். அண்ணனோ தம்பியோ, இரண்டுக்கும் எதிரி ஒன்றே ஒன்று. காற்றுக் குமிழி!

ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா முந்திரித் தோப்பில் கூலி. அம்மா முந்திரி உடைக்கிற வேலை. முந்திரித் தோல் எண்ணெய் பட்டுப் பட்டு அம்மாவின் விரல் நுனி கறுத்துத் தோலுரிந்து கிடக்கும். அண்ணன் எட்டாவதோடு நின்றுவிட்டார். நான் படிக்க வேண்டும் என்பதற்காக நின்றார் என்று சொன்னால்தான் சரி. இப்போது வெளியூரில் பேசின் வார்க்கும் ஒரு ஷெட்டில் வேலை செய்கிறார். எந்த ஊர், எந்த ஷெட் என்பது இங்கே முக்கியமில்லை. இப்படிப்பட்ட ஷெட்டுகள் எத்தனையோ.

அங்கே நடப்பது இதுதான். ஒரு டிரம்மில் ரெசினை ஊற்றி, மூட்டையைப் பிரித்துத் தூளைக் கொட்டி, டிரில்லிங் மெஷினில் ஒரு கம்பியை மாட்டிக் கலக்குவார்கள். பிறகு ஹார்டனர். பிறகு மோல்டில் ஊற்றி நாலு பக்கமும் தட்டுவார்கள். மறுநாள் மோல்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் வினை வெளியே வரும். உள்ளே ஒளிந்திருந்த குமிழி உடைந்து ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாய்த் துளை. அதில் அழுக்கு தங்கும், கறை பிடிக்கும். சூப்பர்வைசர் வந்து சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தப் பீஸுக்குக் கூலி கிடையாது. காரணம் கேட்டால், "உன் கை சரியில்லைப்பா" என்று ஒரே வார்த்தை.

பொங்கல் லீவுக்கு வந்தபோது அண்ணன் என்னிடம் கேட்டார். "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே தம்பி. நான் மெதுவாத்தான் கலக்குறேன், மெதுவாத்தான் ஊத்துறேன். அப்புறம் எங்கேருந்துடா காத்து வருது?"

நண்பர்களே, இது நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களிடம் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பரீட்சைத் தாளில் வருகிற கேள்வியைவிட முக்கியமான கேள்வி. அதற்கு விடை தேடினேன்.

காத்து எங்கேருந்து வருது?

மூன்று வழியாக வருகிறது. கலக்கும் கம்பி வேகமாகச் சுற்றினால் நடுவில் சுழி விழும், அந்தச் சுழி காற்றை உள்ளே இழுக்கும். இது முதல் வழி. உயரத்திலிருந்து ஊற்றும்போது கலவை மடிந்து மடிந்து விழும், மடிப்புக்குள் காற்று சிக்கும். இது இரண்டாம் வழி. இந்த இரண்டையும் கைப்பக்குவத்தால் குறைக்கலாம். மெதுவாகக் கலக்கலாம், ஒரு மூலையிலிருந்து மெல்லிய நூலாக ஊற்றலாம்.

மூன்றாவது வழிதான் பெரிய வழி. காற்று அந்தத் தூளோடு கூடவே வருகிறது! மைதா மாவை அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். படியில் தளர்வாகக் கொட்டினால் ஒரு அளவு, தட்டித் தட்டிக் கொட்டினால் வேறு அளவு. தளர்ந்த தூளில் துகளுக்கும் துகளுக்கும் நடுவில் இருப்பது காற்றுதானே? மூட்டையில் பாதிக்கு மேல் தூளைக் கொட்டும்போது அத்தனை காற்றையும் சேர்த்துத்தான் ரெசினில் கொட்டுகிறோம். எந்தக் கைக்காரர் கலக்கினாலும் அது உள்ளே போகத்தான் செய்யும்.

சரி, போன காற்று மேலே ஏறி வெளியே வராதா? வரும், ஆனால் நேரம் இல்லை. கெட்டியான திரவத்தில் சின்னக் குமிழி ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1851-இல் ஸ்டோக்ஸ் கண்டுபிடித்த விதி இது. விட்டம் பாதியானால் வேகம் கால்வாசி. கடுகுக் குமிழி தேன் போன்ற கலவையில் ஆமை போல ஊர்கிறது. இந்தப் பக்கம் ஹார்டனர் போட்டாகிவிட்டது, கொஞ்ச நேரத்தில் கலவை இறுக ஆரம்பித்துவிடும். குமிழி பாதி வழியில் சிறைப்பட்டுவிடுகிறது. இட்லி மாவில் குமிழி இருந்தால் பூப்போல இட்லி. கல் மாவில் குமிழி இருந்தால் கூலி போச்சு!

வேக்குவம் மிக்ஸர் செய்யும் வேலை

இதற்குத் தொழிற்சாலைகள் கண்ட வழிதான் வெற்றிடத்தில் கலக்குவது. இந்த இயந்திரத்தை வேக்குவம் மிக்ஸர் என்பார்கள். கனமான உருக்குத் தொட்டி, ரப்பர் கேஸ்கட்டோடு இறுகும் மூடி, உள்ளே மெதுவாகச் சுற்றும் துடுப்பு, சுவரில் ஒட்டியதை வழிக்கும் ஸ்கிரேப்பர், வெளியே ஒரு வேக்குவம் பம்பு, அடியில் கலவையை இறக்கும் வால்வு. இவ்வளவுதான் அதன் உடம்பு.

அதன் சூட்சுமம் நாம் பள்ளியில் படித்த பாயில் விதிதான். 1662-இல் ராபர்ட் பாயில் சொன்னது. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். தொட்டிக்குள் அதை 76-க்கு இறக்கினால் குமிழியின் கன அளவு 10 மடங்காகப் பெருக்கும். விட்டம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஸ்டோக்ஸ் விதிப்படி ஏறும் வேகம் சுமார் நாலரை மடங்கு. ஆமை முயலாகிவிடுகிறது! மேலே வந்த குமிழி உடைகிறது, பம்பு அதை வெளியே இழுக்கிறது. அதையும் மீறி ஒரு குமிழி உள்ளே தங்கிவிட்டால்? மூடியைத் திறந்து வெளிக்காற்று உள்ளே அழுத்தும்போது அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எப்படிப் பார்த்தாலும் லாபம்.

நம்பிக்கை வராதவர்கள் ஹாஸ்டலிலேயே சோதித்துப் பாருங்கள். ஊசி மாட்டாத புது சிரிஞ்சு ஒன்றில் நுரை கலந்த ஷாம்புவைக் கொஞ்சம் எடுங்கள். வாயைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுங்கள். குமிழி பெருக்கும். விட்டால் சுருங்கும். சில ரூபாயில் ஒரு வேக்குவம் லேப்!

ஆனால் இன்னும் இழு, இன்னும் இழு என்று பம்பை ஓடவிடுவதும் தப்பு. அக்ரிலிக் ரெசினில் உள்ள மெத்தில் மெத்தாக்ரிலேட் சாதாரணமாக 101 டிகிரியில் கொதிக்கும். 20 டிகிரி அறையில் அழுத்தத்தைச் சுமார் 29 மில்லிமீட்டருக்கு இறக்கினால் அங்கேயே கொதித்துப் புதுக் குமிழிகளை உண்டாக்கும். நம் அரியலூர் வெயிலில் அதைவிட முன்னாலேயே கொதிக்கும். அதனால் தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த நீர் ஓடும் ஜாக்கெட் வைக்கிறார்கள். எவ்வளவு சூட்டில் எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? நாம்தான்!

கையைக் குறை சொல்லாத இடங்கள்

நமது ஃபவுண்டரி பாடத்தில் 'ப்ளோ ஹோல்' என்ற குறையைப் படித்தோமே, அதற்குக் காரணம் என்ன எழுதினோம்? மணலில் ஈரம் அதிகம், காற்றுப் போக்கி போதவில்லை, மணலின் வழியே வாயு வெளியேற முடியவில்லை என்றுதானே? மோல்டரின் கை சரியில்லை என்று எழுதினால் ஆசிரியர் மதிப்பெண் போடுவாரா? சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு அச்சில் உலோகம் போக ஒரு வழியும் காற்று வெளியேற ஒரு வழியும் வைக்கிறார்கள். காற்றுக்கு வழி விடுவது கைத்திறமையின் ஒரு பகுதி என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து ஆண்டிமடம் வழியாக பஸ் ஏறினால் விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்குப் பேர் போன ஊர். செராமிக் டெக்னாலஜியில் டிப்ளமோ நடத்தும் அரசு நிறுவனமே அங்கே இருக்கிறது. பீங்கான் தொழிலில் களிமண்ணைப் பிசைந்து உருளையாகத் தள்ளும் பக் மில்லில் வேக்குவம் அறை வைத்து மண்ணிலிருந்து காற்றை இழுக்கிறார்கள். குயவர் காலால் மிதித்து மிதித்து வெளியேற்றிய அதே காற்றுதான். மண்ணில் காற்று நின்றால் பாத்திரம் பலவீனமாகும்.

இன்னொன்று கேளுங்கள். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனில் செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்க 'எலும்பு சிமென்ட்' பயன்படுத்துகிறார்கள். அதுவும் அக்ரிலிக்தான், கோரியனுக்குச் சொந்தக்காரன். கிண்ணத்தில் கையால் கலக்கினால் குமிழி நின்று பிறகு அங்கே விரிசல் விடுகிறது என்று கண்டு, 1980-களில் அதையும் வெற்றிடத்தில் கலக்க ஆரம்பித்தார்கள். நர்ஸ் அம்மாவின் கை சரியில்லை என்று அவர் சம்பளத்தைப் பிடிக்கவில்லை. கலக்கும் முறையை மாற்றினார்கள்!

டாக்டருக்கு ஒரு நியாயம், டிரம்மில் கலக்குபவருக்கு ஒரு நியாயமா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தொழிலாளியிடம் ஒப்படைத்த பொருள் அவருடைய அலட்சியத்தால் நேரடியாகக் கெட்டிருந்தால்தான் அதற்காகக் கூலியில் பிடிக்கலாம், அதற்கு முன் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்திலேயே இருந்தது. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கருத்து இருக்கிறது. பீஸ் ரேட்டில் மட்டும் "பிடிக்கவில்லையே, கணக்கில் சேர்க்கவில்லை" என்று சாமர்த்தியமாகச் சொல்வார்கள். பேருதான் வேற. காசு போனது போனதுதான்.

மூச்சுக்கும் ஒரு மூடி

வேக்குவம் மிக்ஸர் வந்தால் தப்புவது பேசின் மட்டுமல்ல. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. அந்த வாடைதான் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கண்ணையும் மூக்கையும் எரிக்கிறது, தலையை வலிக்க வைக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் 2018-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்டைரீனை ஒரு படி மேலே ஏற்றியது. திறந்த டிரம்மில் குனிந்து கலக்குபவர் அந்த ஆவியை நேராக மூச்சில் வாங்குகிறார். மூடிய தொட்டியில் ஆவி உள்ளேயே நிற்கும். பம்பு இழுக்கும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்து, மிச்சத்தை ஷெட்டுக்கு வெளியே உயரத்தில் விட வேண்டும். பம்பின் வாயை ஷெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டால் ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறந்த கதைதான்.

மிக்ஸர் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தேய்க்கும்போது பறக்கும் தூசிக்கு அது மருந்தல்ல. கோரியனை 16 வருடம் அறுத்துத் தேய்த்த ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறியதை 2014-இல் அமெரிக்க டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். குவார்ட்ஸ் தூள் போட்டு, வெற்றிடத்தில் அதிர்வோடு அழுத்திச் செய்யும் செயற்கைக் கல் இன்னும் மோசம். அதை அறுத்த தொழிலாளர்களுக்கு சிலிக்கோசிஸ் வந்து, ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. அந்தப் பலகை குமிழியே இல்லாத பலகைதான்! ஆகவே தேய்க்கும் இடத்தில் தண்ணீரும், தூசி உறிஞ்சியும், நல்ல மாஸ்க்கும் தனியாக வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போறது?"

சின்ன ஷெட் முதலாளி இப்படித்தான் கேட்பார். நியாயமான கேள்விதான். அவரும் வட்டிக்கு வாங்கித் தொழில் நடத்துகிறவர். இரண்டு மோல்டு, நாலு டிரம்மோடு இருப்பவர் இவ்வளவு பெரிய இயந்திரம் வாங்க முடியாது.

அதற்காக வீட்டுத் தயாரிப்பாகப் பழைய டிரம்முக்கு மூடி போட்டுப் பம்பை மாட்டிவிடலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு 2,827 சதுர சென்டிமீட்டர். உள்ளே முழு வெற்றிடமானால் வெளிக்காற்று அதன்மேல் சுமார் 2,900 கிலோ எடையோடு உட்காரும். இரண்டு கார்களை மூடிமேல் ஏற்றி வைத்தது போல! 1650-களில் ஜெர்மனியில் குவெரிக் இரண்டு அரைக் கோளங்களைச் சேர்த்துக் காற்றை எடுத்தபோது பக்கத்துக்கு எட்டுக் குதிரை பூட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லையே, அதே பலம். மெல்லிய டிரம் அப்பளமாக நொறுங்கும். போதாததற்கு ரெசின் ஆவி தீப்பிடிக்கும் ஆவி. மோட்டாரும் சுவிட்சும் தீப்பொறி வெளிவராத ரகமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் பாலிடெக்னிக் வருகிறது. தகட்டின் கனத்தைக் கணக்குப் போட, வெல்டிங் செய்ய, டெஸ்ட் செய்ய நம்மிடம் பாடம் இருக்கிறது, பட்டறை இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கடைசி வருட ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பெயின்ட் அடித்து, வைவாவில் காட்டிவிட்டு, ஸ்டோர் ரூமில் போடுகிறோம். அந்தக் காசு எத்தனை வீட்டில் கம்மல் அடகு வைத்து வந்த காசு என்று நமக்குத் தெரியாதா?

"மிஷின் வந்தா ஆள் வேலை போயிடும்" என்று என் வகுப்பு நண்பன் ஒருவன் வாதம் செய்தான். பேசினை மோல்டில் இறக்கவும் தேய்க்கவும் பாலிஷ் போடவும் ஆள் வேண்டும். போவது டிரம்முக்கு மேல் குனிகிற வேலைதான். அது போகட்டுமே!

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கைகள்

ஒன்று: கடைசி வருடத்தில் இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து, மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் கைகோத்து, ஆசிரியர் மேற்பார்வையில் ஒரு சின்ன வேக்குவம் மிக்ஸரை முறைப்படி வடிவமைத்துச் செய்ய வேண்டும். முதலில் பாலியஸ்டரோடு தொடங்கலாம். ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிப்பது, அதனால் வெற்றிடத்தில் அக்ரிலிக்கைவிட அடங்கி நிற்கும்.

இரண்டு: ஒரே மூட்டைத் தூள், ஒரே ரெசின், ஒரே ஆள். பாதியைத் திறந்த டிரம்மிலும் பாதியை வெற்றிடத்திலும் கலந்து வார்த்து, அறுத்து, துளைகளை எண்ணிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். "கை சரியில்லை" என்ற பேச்சுக்கு அந்தப் பலகையே பதில் சொல்லும்.

மூன்று: சின்ன ஷெட்காரர்கள் மணிக் கணக்கில் வாடகை கொடுத்துக் கலந்துகொண்டு போகும் பொது இயந்திரமாக அது வளர வேண்டும். சிறு தொழில்கள் கூடியிருக்கும் இடங்களில் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குழும வளர்ச்சித் திட்டம் இருக்கிறது. ஹார்டனர் போட்டால் கலவை இறுகிவிடும் என்பதால் இங்கே ரெசினும் தூளும் மட்டும் காற்று நீக்கிக் கலந்து கொடுப்போம். ஹார்டனரை அவரவர் ஷெட்டில் மெதுவாகக் கலந்துகொள்ளட்டும். முழுப் பலன் இல்லாவிட்டாலும் தூளோடு வந்த பெரும் காற்று போய்விடும்.

நான்கு: இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போகும் நண்பர்கள் பெரிய கம்பெனி சர்டிஃபிகேட்டை மட்டும் தேடாமல், ஒரு நாளாவது ஒரு சின்ன ஷெட்டுக்குப் போய் அங்கே எந்தக் குறைக்கு யாரைக் குற்றம் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். அவற்றிலிருந்து அடுத்த வருட ப்ராஜெக்டுகள் பிறக்கட்டும்.

நண்பர்களே! நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நம்மைப் படிக்க அனுப்பியவர்கள் ஏதோ ஒரு டிரம்முக்கு மேல், ஏதோ ஒரு சூளைக்கு முன், ஏதோ ஒரு முந்திரிக் கூடைக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறார்கள். பாயில் விதியும் ஸ்டோக்ஸ் விதியும் பரீட்சைக்கு மட்டும் எழுதி மறப்பதற்கல்ல. ஒரு குறைக்குக் காரணம் மனிதரா, முறையா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதற்குத்தான் நமக்கு அவை கொடுக்கப்பட்டிருக்கின்றன.

குமிழிக்குக் காரணம் காற்று. அதை வெளியேற்ற வேண்டியது பம்பு. அந்தப் பம்பை வைக்க வேண்டியது நிர்வாகம். செய்து காட்ட வேண்டியது நாம். இந்தக் கணக்கில் கூலிக்காரரின் கை எங்கே வருகிறது? சொல்லுங்கள்!

— வரதராஜன்பேட்டை மாணவன்,
மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு